ஏழாம் நம்பர் குப்பி

மார்ச் 11, செவ்வாய்

பெனாசிர், பெனா, இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மணி ஒன்றே கால். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் என் இரண்டு கையும் ஒரே நேரத்தில் காலியாக இருப்பதில்லை.

மஸ்கட்டுக்கு அனுப்பிய மூன்று மெயிலுக்கும் நீ பதில் போடவில்லை. உன் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. அதனால் நாலாவது மெயில் எழுதாமல் இந்தக் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். அனுப்பினால்தானே பதில் வரவில்லை என்று வருத்தப்பட வேண்டும்.

நேற்று லேபில் மறுபடி சேர்ந்தேன், ஏழு மாதம் கழித்து. நம் மேஜையில் உன் பக்கம் காலியாக இருக்கிறது. உன் ஸ்டூலில் யாரோ சாக்குப்பை வைத்திருக்கிறார்கள். என்னை முதலில் பார்த்தது வடிவக்காதான். குடுவை கழுவிக்கொண்டிருந்தவள் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, என்ன டீச்சர் பாதியாப் போயிட்டிய, புள்ள உங்களைத் திங்குதா பாலைக் குடிக்கா என்று கேட்டாள். உன்னைப் பற்றியும் கேட்டாள். நல்லா இருக்கா என்றேன். எனக்கு என்ன தெரியும்.

நம் கைடு ஹெலன் மேடம் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னார். ஏப்ரல் முப்பதுக்குள் தீஸிஸ் சுருக்கம், அந்த சினாப்சிஸைக் கொடுக்காவிட்டால் என் பிஎச்.டி. பதிவு ரத்து. இன்னொரு நீட்டிப்பு கிடையாது. பிள்ளை பெற்றதற்கு யுனிவர்சிட்டி ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

சங்கரன்கோவில் பஸ்ஸில் திரும்பி வரும்போது, எல்லாம் மறந்துபோயிற்றா என்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பாலிமர் தூள், வெந்நீரில் கரையாது, ஐஸ் தண்ணீரில்தான் கரையும். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்வரை தண்ணீர் மாதிரி ஓடும். உடம்புச் சூடு பட்டால் கெட்டியாகி, வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்குள் கிராம்பு எண்ணெயும் வெற்றிலை எண்ணெயும். பெண்களுக்கு அந்த இடத்தில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு. மாத்திரை வேண்டாம், வழிந்து துணியைக் கெடுக்கும் களிம்பு வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். அவளே போட்டுக்கொள்ளலாம்.

மறக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

பால் பிழிந்து வைத்த டப்பா பையிலேயே கவிழ்ந்துவிட்டது. நம்முடைய பிஹெச் மீட்டர் புத்தகம் முழுக்க என் பால்.

மார்ச் 17, திங்கள்

சனிக்கிழமை காலேஜ் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துபோய், இன்று காலையில்தான் கரண்ட் வந்தது. இரண்டு நாள். ஏசி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. லேப் கதவைத் திறந்தபோது பல் டாக்டர் கிளினிக் வாசம் முகத்தில் அடித்தது. அத்தனை கிராம்பு.

உன் ஏழாம் நம்பர் கலவைக் குப்பிகள் மூன்றையும் இன்றுதான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் நீ செய்து வைத்தது, ஆறு மாதம் கழித்து எப்படியிருக்கிறது என்று பார்க்க. மூன்றிலும் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிட்டது. அடியில் கெட்டித்த வெள்ளை, மேலே ஒரு விரல்கடைக்குத் தேன் நிறத்தில் வளையம். குலுக்கினேன், சேரவில்லை. ஐஸில் வைத்துத் தண்ணீராக்கிக் குலுக்கினேன். அப்போதும் சேரவில்லை.

நம் கட்டுரையில் ஏழாம் நம்பர்தான் சிறந்தது என்று எழுதியிருக்கிறோம்.

மேடத்திடம் காட்டினேன். கரண்ட் போனதால் கெட்டதை எதற்கு ரிசல்ட் என்று எழுத வேண்டும், மின்தடை, அழிக்கப்பட்டது என்று ரெஜிஸ்டரில் போட்டுவிட்டு ஒன்பதாம் நம்பரை வைத்து மேலே போ என்றார். நான் அவரிடம் ஒன்று கேட்க நினைத்தேன். இந்தப் பக்கத்து வீடுகளில் சித்திரையில் அறைக்குள்ளேயே முப்பத்தேழு டிகிரி இருக்குமே மேடம், அங்கே எந்தப் பெண்ணின் வீட்டில் இதற்கென்று ஒரு ஃபிரிட்ஜ் இருக்கும், இருந்தாலும் மாமியார் திறக்கிற ஃபிரிட்ஜில் இதை எங்கே வைப்பாள் என்று. அதற்குள் அத்தை போன் செய்துவிட்டார்கள். பாப்பா கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டதாம். எனக்கோ மார் கட்டிக் கல்லாகி, ரவிக்கை நனைந்து, மேல் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். தீஸிஸுக்கு உதவும்.

வயது முப்பது. முதல் பிரசவம், ஆபரேஷன். தையலில் சீழ் வைத்ததால் பத்து நாள் ஆன்ட்டிபயாடிக். அது முடிந்த மறுவாரம் அரிப்பு. அப்புறம் திரிந்த பால் மாதிரி வெள்ளை. டாக்டர் ஒரு மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். நின்றது. ஒரு மாதத்தில் மறுபடி வந்தது. மறுபடி களிம்பு. மூன்றாவது தடவை அந்தப் பெண் டாக்டரிடம் போகவில்லை. போனால் கூட யார் வருவது, பிள்ளையை யார் பிடிப்பது, எதற்குப் போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது. உட்கார முடியவில்லை. ஒன்றுக்குப் போய்விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கணவன் பக்கத்தில் வந்தால் பிள்ளை அழுகிறது என்று எழுந்துவிடுகிறாள், பிள்ளை அழாதபோதும்.

இதைப் பற்றி நாலு வருடம் படித்தவளுக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

ஒன்பதாம் நம்பர் இன்று முப்பத்து நாலு டிகிரியில் கெட்டியாயிற்று. வெந்நீர்த் தொட்டியில் குப்பியைப் பிடித்து ஒவ்வொரு டிகிரிக்கும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். முப்பத்து நாலில் சாய்த்தபோது அசையாமல் நின்றது. சந்தோஷப்பட வேண்டியது. குப்பியைப் பிடித்தபடி அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. தூக்கம் இல்லாததால் இருக்கும்.

வடிவக்கா பார்த்துவிட்டாள். டீ வாங்கி வந்து வைத்தாள். ஸ்டூலில் இருந்த சாக்குப்பையை இறக்கிவிட்டு உன் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு உட்காரவே முடியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேலையை நகர்த்தி நகர்த்தி. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மருந்து எதுக்கு டீச்சர் என்றாள். நாலு வருடமாகக் குப்பி கழுவுகிறவள், தெரியாமலா கேட்கிறாள். சொன்னேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். பெரிய படிப்பு படிச்சு அங்கதான் வந்து நிக்கிய என்றாள். அப்புறம் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, இது போட்டா எரியுமா என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா பெனா? எல்லாம் இயற்கைதான் அக்கா, கிராம்பும் வெற்றிலையும், நம்ம அடுப்படியில இருக்கிறது, ஒண்ணும் செய்யாது என்றேன். கான்ஃபரன்ஸில் நாம் முதல் ஸ்லைடில் போட்ட அதே வாக்கியம்.

ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள் என்றும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அதற்கு அவள், அரை நாள் லீவு போட்டால் காண்ட்ராக்டர் முழு நாளும் வெட்டுவான் என்றாள். வீட்டுக்காரரிடம் இந்த மாதிரிச் சொன்னால் யாரிடமிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு கிளாஸைக் கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

முன்பு எழுதிய அந்தப் பெண் ஒன்பதாம் நம்பரை நாலு நாளாகப் போடுகிறாள். ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி. முதல் நாள் லேசாகச் சுரீரென்றது, அரை மணி நேரத்தில் அடங்கியது. இரண்டாம் நாள் வழியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கினாள்.

மனிதரிடம் போட அனுமதி கிடையாது என்று தெரியும். முயலுக்கே இன்னும் கமிட்டி அனுமதி தரவில்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

ஏப்ரல் 2, புதன்

பாப்பாவின் வாயில் வெள்ளை. நாக்கில், கன்னத்தின் உள்பக்கம். பால் கறை, துணியால் துடை என்றார்கள் அத்தை. துடைத்தேன். அடியில் சிவந்து ரத்தம் கசிந்தது. எனக்குத் தெரியாதா அது என்ன என்று? நாலு வருடமாகத் தட்டில் வளர்த்த பூஞ்சை.

குழந்தை டாக்டரிடம் போனோம். இவர் கடையைச் சாத்திவிட்டு வண்டியில் கூட்டிப்போனார். அத்தையும் வந்தார்கள். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொண்டே, அம்மாவுக்கு ஏதாவது இருக்கா, மார்பில் வலி, வேறு எங்கேயாவது அரிப்பு என்று சாதாரணமாகக் கேட்டார். அத்தை என் முகத்தைப் பார்த்தார்கள். இவர் சுவரிலிருந்த போலியோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்றேன்.

பாப்பா குடிக்கும்போது மார்க்காம்பில் கண்ணாடிச்சில் வைத்து இழுப்பது போல வலிக்கிறது. இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னார்கள், வேலைக்குப் போற இடத்துல கண்டதையும் தொட்டுட்டு அந்தக் கையோட பிள்ளையத் தூக்கினா வேற என்ன வரும் என்று. கெட்ட மனுஷி இல்லை. பயந்திருக்கிறார்கள். சோறு பிசைந்து என் பக்கம் தட்டை நகர்த்திவிட்டுத்தான் சொன்னார்கள்.

அந்தப் பெண் நான்தான். உனக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும்.

என் குப்பியை லேப் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில், டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலுக்குப் பின்னால், மஞ்சள் கவரில் சுற்றி வைத்திருக்கிறேன். மதியம் பாத்ரூமுக்குக் கொண்டுபோவேன். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க இடமில்லை. மாவுச் சட்டிக்குப் பின்னால்கூட அத்தைக்குத் தெரியாத இடம் கிடையாது.

ஏப்ரல் 4, வெள்ளி

நம் கட்டுரையைப் பற்றி எழுதாமல் இந்த நோட்டு சும்மா நடிப்பு. ஆகஸ்டில் நான் பிரசவத்துக்குப் போனேன். ஏழாம் நம்பர் முழுக்க நீ செய்தது. நவம்பரில் கட்டுரை வந்தபோது முதல் பெயர் என்னுடையது, உன் பெயர் மூன்றாவது. மேடம் என்னிடம் போனில் சொன்னார், தீஸிஸ் கொடுக்கப்போகிறவள் நீ, அவள் கல்யாணம் ஆகிப் போகிறவள் என்று. பாப்பா மடியில் இருந்தாள். சரி மேடம் என்றேன். நீ உன் நோட்டை எடுத்துக்கொண்டு போனது அக்டோபரிலேயே என்றாலும், பெயர் வரிசை அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான். கேட்டால் மாறியிருக்குமா என்பது வேறு.

ஏப்ரல் 7, திங்கள்

வடிவக்கா வரவில்லை. தொட்டி நிறையக் கழுவாத குடுவைகள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் வரவில்லை. சினாப்சிஸ் இரண்டாம் அத்தியாயம். பாப்பாவுக்கு வாய் கொஞ்சம் தேவலை.

மஞ்சள் கவரை எடுக்கக் கதவைத் திறந்தேன். என் குப்பி இருந்தது. அதன் பக்கத்தில் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

முந்தின பக்கத்தை வாசித்துவிட்டு நீ கேட்பாய், எது மூன்று என்று. மார்ச் பதினேழில் நான் எழுதியதைத் திரும்பிப் பார். ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். கொட்டினேன் என்று எழுதவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, மார் கனத்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் கழிவு டின் நாலே எட்டில் இருந்தது பெனா. குப்பியின் மேல் உன் கையெழுத்து இருந்தது. உன் பெயரை நானே இன்னொரு தடவை அழிக்க வேண்டுமா என்று தோன்றியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவுத் தட்டில் சொருகிவிட்டு ஓடினேன். அப்புறம் பார்க்கவில்லை. அங்கேயே என்னுடையதையும் வைத்தேன்.

மதியம் வடிவக்கா வீட்டுக்குப் போனேன். காலேஜ் பின்வாசலிலிருந்து ஒரு மைல். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நுழைந்ததும் அந்த வாசம். பல்வலி வாசம்.

கட்டிலில் குப்புறவும் படுக்க முடியாமல் மல்லாக்கவும் முடியாமல் கிடந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். நேற்றிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை, வயிறு உப்பியிருந்தது. வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றப் போயிருந்தார். அவரிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறாள். குப்பி அடுப்படி ஜன்னலில் இருந்தது. அடியில் வெள்ளைக் கட்டி அப்படியே இருந்தது. மேலே இருந்த வளையத்தைக் காணோம்.

கெட்டியா இருந்துச்சு, இறங்கல, மேல தெளிஞ்சு நின்னதைப் பஞ்சுல தொட்டு வெச்சேன் என்றாள். எரிந்ததாம். எரிந்தால்தான் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் வைத்தாளாம். டீச்சர் இயற்கைன்னு சொன்னியளே என்று அவள் குறை சொல்லவில்லை. விளக்கம்தான் சொன்னாள்.

ஏன் அக்கா எடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க பாத்ரூமுக்குக் கொண்டு போறதைப் பாத்தேன் டீச்சர். நீங்களே போடுதீயன்னா நல்ல மருந்துதானேன்னு நெனச்சேன். உங்களதை எடுத்தா உங்களுக்குக் குறையுமேன்னு பக்கத்துல இருந்ததை எடுத்தேன்."

ஏப்ரல் 10, வியாழன்

நேற்றே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். வார்டில் ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்ன வயது. திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து கையுறையைக் கழற்றினார். டியூப் வைத்து மூத்திரத்தை எடுத்தார்கள். வடிவக்கா கத்தியது வராண்டாவின் அந்தக் கடைசிவரை கேட்டது. அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

என்ன வைத்தாள் என்று டாக்டர் கேட்டார். வடிவக்கா என் கையைப் பிடித்திருந்தாள். வேலை போயிடும் டீச்சர் என்று முன்பே சொல்லியிருந்தாள். திருடினேன்னு எழுதிருவாவ என்று.

ஏதோ நாட்டு மருந்து என்றேன் நான். எங்கே வாங்கினாள் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றேன்.

அவளுக்காகச் சொன்னேன் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் போட்டுக்கொண்டது உட்பட. முகத்தை மூடிக்கொண்டார். வயதான பெண்மணியாகத் தெரிந்தார், முதல் தடவையாக. பிறகு எழுந்து ரெஜிஸ்டரை எடுத்து மார்ச் பதினேழாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இதன்படி ஏழாம் நம்பர்னு ஒண்ணு இந்தக் கட்டடத்துலயே இல்ல கோமதி. உன் கையெழுத்துதான். நீ எதுக்கு இல்லாததை எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரியில காட்டணும்? உனக்கு ஒரு கைக்குழந்தை இருக்கு."

மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அந்த வரியை நான் எழுதியது அத்தனை அழகாக இருந்தது. மின்தடை காரணமாகச் சிதைவுற்றதால் அழிக்கப்பட்டது. கீழே என் பெயர், தேதி. மதியம் முழுக்க மேஜையில் உட்கார்ந்திருந்தேன். சினாப்சிஸில் ஒரு பத்தியும் எழுதினேன். அதுதான் என்னைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். காய்ச்சல் நூற்று மூன்று. புண் உள்ளே இன்னும் பரவுகிறது என்றார் டாக்டர். தோல் வெந்தது போல உரிகிறது, எதனால் வெந்தது என்று தெரியாமல் கழுவவும் பயமாக இருக்கிறது, மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். வடிவக்காவின் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். நீங்க கூட்டிட்டு வரலேன்னா என்ன ஆயிருக்கும் டீச்சரம்மா என்றார்.

ஏப்ரல் 12, சனி

காலையில் பாப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்டேன். வாயில் வெள்ளை போய்விட்டது. நாக்கு ரோஜா நிறத்தில் இருக்கிறது. சிரித்தாள். என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும், அடுப்படியில் நின்றுகொண்டு, அத்தை காதில் விழும்படியாகவே. என் உடம்பைப் பற்றியும். எங்க கடையில பூச்சிமருந்து விற்கும்போதுகூடக் கையுறை போடச் சொல்லித்தானே கொடுக்கிறோம் என்றார் இவர். ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காதது இன்னும் மோசமாக இருக்கிறது. அத்தை எழுந்து வந்து என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் லேபுக்குப் போனோம். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மீதி இரண்டு குப்பியையும் எடுத்தேன். ரெஜிஸ்டரில் அழிக்கப்பட்டது என்பதை ஒரே கோட்டில் அடித்து, அழிக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டேன். அதோடு ஏப்ரல் முப்பது எனக்கு இல்லை. நாலு வருடம். பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பேனா தேய்ந்து எழுதவில்லை, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

டாக்டரிடம் குப்பியைக் கொடுத்து, நான் யார், இது என்ன, நான் புதன்கிழமை பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட நேரமில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். எண்ணெய் எத்தனை சதவீதம்? எண்ணெயைத் தண்ணீரில் சேர்க்க வேறு என்ன கலந்தீர்கள்?

பெனா, எனக்குத் தெரியவில்லை.

முதல் பெயர் என்னுடையதாக உள்ள கட்டுரையின் மருந்து. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுரையில் இரண்டு சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் அந்த வளையம் இரண்டு சதவீதத்துக்கு வரக்கூடியது இல்லை. கடைசி பேட்சில் நீ எண்ணெயைக் கூட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னதாக ஞாபகம். எனக்கு அப்போது ஒன்பதாம் மாதம், சரி சரி என்று தலையாட்டியிருப்பேன். ரெஜிஸ்டரில் ஏழு, பெனாசிர் என்று மட்டும்தான் இருக்கிறது. அளவெல்லாம் உன் நோட்டில்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடையநல்லூர் போனோம், உன் அம்மா வீட்டுக்கு. ஜனவரியில் போனில் கேட்டபோது அவள் நிம்மதியா இருக்கா, விட்டுருங்க என்று வைத்துவிட்டவர்கள். இன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் காலண்டர் தாளைக் கிழித்து உன் புது நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். வாசலில் நின்றபடியே நாலு தடவை அழைத்தேன். தெரியாத நம்பர் என்று விட்டிருப்பாய். தெரிந்தே விட்டிருந்தாலும் சரி.

அதனால் இந்த நோட்டு முழுவதையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. முழுக்க வாசிக்க வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம், அதற்கு இப்போது நேரமில்லை. யார் கேட்டாலும் குப்பியை வைத்தது நான், கொட்டாதது நான் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. உன் பெயர் எங்கேயும் வராது. வர வேண்டிய இடத்திலும் நான் வரவிடவில்லை, இங்கேயும் வரவிடமாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்துவிட்டோம், வடிவக்காவை மதுரைக்கு ஏற்ற ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணை மூடிக் கிடந்தாள். கண்ணைத் திறக்காமலே, கழுவாத குடுவை எல்லாம் அப்படியே கிடக்கா டீச்சர் என்று கேட்டாள். நான் கழுவிவிட்டேன் என்றேன். கழுவவில்லை.

உன் நோட்டில் ஏழாம் நம்பர் பக்கம். கிராம்பு எண்ணெய் எவ்வளவு, அதைக் கலக்க எதைச் சேர்த்தாய். அந்த இரண்டு வரி மட்டும் போதும். இங்கே இப்போது மணி ஆறு இருபது, அங்கே நாலு ஐம்பது. வார்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன், போன் கையிலேயே இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.